கலையும் விஞ்ஞானமும் உழைப்பின் பிள்ளைகளே!

(அசோக் நகரிலிருந்து ஒரு கட்சி ஊழியர்)

கலை வேறு, விஞ்ஞானம் வேறு என்று படித்த கனவான்கள் மேடை ஏறிப் பேசுகிறார்கள். கலை உள்ளத்தில் பிறக்கிறதாம், விஞ்ஞானம் மூளையில் பிறக்கிறதாம். இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் போட வேண்டுமாம். 1959-ல் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில், சி. பி. ஸ்னோ என்பவர் "இரண்டு கலாச்சாரங்கள்" என்ற தலைப்பில் சொற்பொழிவு செய்தார். இலக்கியம் படித்தவரும் விஞ்ஞானியும் ஒருவரையொருவர் அறியாமல் இருக்கிறார்களே என்று வருந்தினார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

வருத்தம் நியாயமானதுதான். ஆனால் தோழர்களே, நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. உள்ளம் என்கிறார்கள், மூளை என்கிறார்கள், சரி. கை எங்கே போயிற்று? தறியை ஓட்டும் கை, நாற்றை நடும் கை, தோலைப் பதப்படுத்தும் கை – இந்தக் கைக்குக் கலையிலும் விஞ்ஞானத்திலும் பங்கு உண்டா, இல்லையா? இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் நாட்டு மிருதங்கமே போதும்.

மிருதங்கத்தின் ரகசியம்

சபா வாசலை மிதிக்காதவர்கள்கூட ரேடியோவிலும் சினிமாவிலும் மிருதங்கத்தைக் கேட்டிருப்பீர்கள். பலாமரக் கட்டையைக் குடைந்து, இரண்டு பக்கமும் தோல் மூட்டி, எருமைத் தோல் வாரால் இழுத்துக் கட்டிய வாத்தியம் அது. பசுவின் தோலும் ஆட்டின் தோலும் அதற்கு வேண்டும். வலது பக்கத்துத் தோலின் நடுவே கறுப்பாக வட்டமாக ஒன்று தெரியும். அதற்குச் சோறு என்றும் கரணை என்றும் பெயர். கறுத்த கல்லை இடித்து மாவாக்கிச் சோற்றோடு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தோல்மீது பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். ஒரு படலம் ஏறியதும் தட்டிப் பார்ப்பார்கள். காது ஒப்பினால் அடுத்த படலம். ஒப்பாவிட்டால் சுரண்டிவிட்டு மறுபடியும் தேய்ப்பு.

எதற்காக இத்தனை பாடு? இழுத்துக் கட்டிய தந்தியை மீட்டினால் அது முழுசாக ஆடும். அதே சமயத்தில் இரண்டு பாதியாகவும், மூன்று பங்காகவும், நான்கு பங்காகவும் ஆடும். அந்த ஆட்டங்களின் வேகம் 1, 2, 3, 4 என்று முழு எண்ணில் ஏறுகிறது. ஆகவேதான் தந்தியில் சுத்தமான ஸ்வரம் பிறக்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோல் அப்படியல்ல. அதன் ஆட்டங்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று கோணல் கணக்கில் ஏறும். அதனால் முழக்கம் வரும், ஸ்வரம் நிற்காது. நடுவில் சோற்றை ஏற்றி, எடையைச் சரியான இடத்தில் சரியான அளவில் வைத்தால், தோலின் கோணல் கணக்கு நேராகிவிடுகிறது! தோல் தந்தியைப்போல் பாடுகிறது.

இதை விஞ்ஞான ரீதியாக உலகுக்கு விளக்கியவர் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி. வி. ராமன். கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அவர், சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து 1920-ல் லண்டன் "நேச்சர்" பத்திரிகையில் இதைப்பற்றி எழுதினார். 1934-ல் இந்திய விஞ்ஞான அகாடமியின் ஏட்டில் இன்னும் விரிவாக எழுதினார். தோல்மீது மெல்லிய மணலைத் தூவித் தட்டினார். ஆடாத கோடுகளில் மணல் போய் ஒதுங்கிக் கோலம் போட்டது. அந்தக் கோலங்களைக்கொண்டு, ஒன்பது விதமான ஆட்டங்கள் ஐந்து ஸ்வரங்களாக ஒன்றுசேர்வதைக் காட்டினார். ஒளி பற்றிய கண்டுபிடிப்புக்காக 1930-ல் நோபல் பரிசு பெற்ற அதே ராமன்தான்.

கண்டுபிடித்தவர் யார்?

ராமனுடைய பெருமையைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமல்ல. "இது ஏன் இப்படி?" என்ற கேள்விக்கு விடை சொன்னவர் அவர். காரணம் தெரிந்தால்தான் ஓரிடத்தில் கற்றதை வேறிடத்தில் பயன்படுத்த முடியும். அது விஞ்ஞானத்தின் பலம். அந்தப் பலம் உழைப்பாளி மக்களுக்கும் வேண்டும்.

ஆனால், ராமன் விளக்குவதற்கு முன்பே அந்தத் தோல் பாடிக்கொண்டிருந்ததே! பாட வைத்தது யார்? பூசிப் பார்த்து, தட்டிப் பார்த்து, கேட்டுப் பார்த்து, தவறைத் திருத்தி, மீண்டும் பூசினார்களே, அதற்குப் பெயர் பரிசோதனை இல்லையா? ஆய்வுக்கூடத்தில் வெள்ளை அங்கி அணிந்து செய்தால் பரிசோதனை, பட்டறையில் தரையில் குந்திச் செய்தால் வெறும் கூலி வேலையா?

1922-ல் ராமன் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பு "பண்டைய இந்துக்களின் ஒலியறிவு" என்பது. பண்டைய இந்துக்கள் என்றால் யார்? செத்த மாட்டின் தோலை உரித்து, ஊறவைத்து, மயிர் நீக்கி, வாத்தியத்தில் ஏற்றியவன் அந்தக் கணக்கில் சேர்ந்தவனா? ராமன் அதை எழுதிய காலத்தில் அவனுடைய ஜாதிக்குக் கோயிலுக்குள் நுழைய அனுமதியில்லை. மதுரை மீனாட்சி கோயில் கதவு 1939 ஜூலையில்தான் திறந்தது. தோல் உள்ளே போகலாம், தோலைப் பதம்செய்தவன் வெளியே நிற்க வேண்டும். பசுவைப் பூஜிப்பவர் பசுத்தோலைத் தொட்டு வாசிக்கலாம், அதே தோலைத் தொட்ட தொழிலாளி தீண்டத்தகாதவன்! இதைவிடப் பெரிய பித்தலாட்டம் சரித்திரத்தில் உண்டா?

பிரித்தது எது?

மனிதனின் கை உழைப்பால் உருவானது; அந்த உழைப்பு தலைமுறை தலைமுறையாகக் கையைப் பண்படுத்தியதால்தான் ராபேலின் ஓவியமும் பகனீனியின் சங்கீதமும் பிறக்க முடிந்தது என்று எங்கெல்ஸ் 1876-ல் எழுதினார். கலையும் விஞ்ஞானமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாய் உழைப்பு.

கிரேக்க நாட்டில் பித்தாகரஸ் என்ற ஞானி கொல்லன் பட்டறை வழியே போனபோது, சம்மட்டிகளின் ஓசையைக் கேட்டு ஸ்வரங்களின் கணக்கைக் கண்டுபிடித்தார் என்று ஒரு பழங்கதை உண்டு. கதை உண்மையல்ல. சம்மட்டியின் எடைக்கும் ஸ்வரத்துக்கும் அப்படியொரு கணக்கு கிடையாது. ஆனாலும் பாருங்கள், கதை கட்டியவனுக்குக்கூடச் சங்கீதக் கணக்கு பிறந்த இடமாகக் கொல்லன் பட்டறைதான் தோன்றியது!

அந்தக் கதையைச் சோதித்துப் பார்த்தவர் விஞ்ஞானியல்ல, ஒரு வாத்தியக்காரர். இத்தாலியில் வின்சென்சோ கலிலி என்பவர் 1580-களில் தந்திகளில் எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஸ்வரம் ஒரு ஸ்தாயி ஏற வேண்டுமானால் எடையை இரண்டு மடங்கு ஆக்கினால் போதாது, நான்கு மடங்கு ஆக்க வேண்டும் என்று கண்டார். இவருடைய மகன்தான் உலகம் போற்றும் விஞ்ஞானி கலிலியோ. வாத்தியக்காரன் வீட்டில் விஞ்ஞானம் தொட்டிலாடியது.

நம் நாட்டில் ஏன் அப்படி வளரவில்லை? ரசாயன விஞ்ஞானி பி. சி. ராய் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். 1902-லும் 1909-லும் இரண்டு பாகங்களாக இந்திய ரசாயனத்தின் சரித்திரத்தை எழுதிய அவர், ஜாதிமுறை இறுகியதும் கைத்தொழில்கள் கீழ்ஜாதிகளின் தலையில் தள்ளப்பட்டன என்றார். படித்தவன் கைவேலையை விட்டு விலகியதால், பொருள்கள் எப்படி, ஏன் மாறுகின்றன என்று கேட்கும் பழக்கமே நாட்டில் மங்கியது என்றார். உலோகத்தை உருக்கியவனுக்கு எழுத்தில்லை. எழுத்தறிந்தவன் உலையருகே போகவில்லை. இருவருக்கும் நடுவே ஜாதி சுவர் எழுப்பியது. நஷ்டம் நாட்டுக்கு.

புகழ் யாருக்கு?

சென்னை மியூசிக் அகாடமி 1928-ல் துவங்கியது. மிருதங்க வித்வான் ஒருவருக்குச் சங்கீத கலாநிதி விருது முதன்முதலாகக் கிடைத்தது 1966-ல். பெற்றவர் பாலக்காடு மணி ஐயர். பக்கவாத்தியக்காரரே இத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது என்றால், வாத்தியம் செய்தவர் கதியைச் சொல்லவும் வேண்டுமா? மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த தொழிலாளி பர்லாந்து. வித்வான் கேட்ட நாதத்தைத் தோலில் கொண்டுவந்தவர். இவர் பெயரை எத்தனை ரசிகர்கள் அறிவார்கள்?

இந்தத் தொழிலாளிகளைப் பற்றிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா "செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்" என்று ஒரு புத்தகம் எழுதினார். அதன் வெளியீட்டு விழாவுக்குத் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் முதலில் இடம் கொடுத்தார்கள். பத்திரிகையில் புத்தகத்தின் சில பகுதிகள் வந்ததும் அனுமதியை ரத்து செய்தார்கள். சர்க்கார் ஸ்தாபனத்தில் ஒற்றுமைக்குக் குந்தகமான நிகழ்ச்சிக்கு இடமில்லை என்று காரணம் சொன்னார்கள். 2020 பிப்ரவரி 2-ந் தேதி தரமணியில் ஒரு பத்திரிகைக் கல்லூரியில் விழா நடந்தது. பசுத்தோலில் வாசிப்பது ஒற்றுமையைக் குலைக்கவில்லையாம், அதைச் செய்தவன் பெயரைச் சொல்வதுதான் குலைக்கிறதாம்!

கோடம்பாக்கம் காட்டும் வழி

எங்கள் அசோக் நகரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வடபழனி. ஏவி.எம்., விஜயா-வாஹினி என்று சினிமா ஸ்டுடியோக்கள் ஓங்கி நின்ற இடம். சினிமா முழுக்க முழுக்க விஞ்ஞானம் பெற்ற கலை. வெள்ளி உப்புப் பூசிய பிலிம், மின்சார விளக்கு, ஒலிப்பதிவுக் கருவி – இவை இல்லாமல் எந்த நட்சத்திரமும் மின்னியிருக்க முடியாது. அந்த விளக்கைச் சுமந்து உயரத்தில் ஏறி நின்றவன் லைட்மேன். திரையில் அவன் முகம் வராது.

ஆனால் அங்கே ஒரு காரியம் நடந்தது. வங்காளத்தில் "சின்னமூல்" படம் எடுத்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ் சென்னைக்கு வந்து, 1960-ல் "பாதை தெரியுது பார்" படத்தை டைரக்ட் செய்தார். அதற்கு இசையமைத்தவர் எம். பி. சீனிவாசன். இந்த இருவரும் படம் எடுத்ததோடு நிற்கவில்லை. சினிமாத் தொழிலாளர்களையும் டெக்னீஷியன்களையும் சங்கமாகத் திரட்டுவதில் முன்னின்றார்கள். கலைஞனும், கருவி தெரிந்தவனும், சுமை தூக்குபவனும் ஒரே கூரையின்கீழ் சேரலாம் என்று காட்டினார்கள்.

மிருதங்கத் தொழிலாளி அப்படிச் சேரவில்லை. சிறு பட்டறை, குடும்பத் தொழில், ஒவ்வொருவரும் ஒவ்வொரு வித்வானை நம்பிய பிழைப்பு. தனியாக நிற்பவனுக்குக் கிடைப்பது விலையல்ல, தயவு. இப்போது செயற்கைத் தோல் மிருதங்கமும் வந்துவிட்டது. இயந்திரத்தை நாம் எதிர்க்கவில்லை. மில் தொழிலாளிக்கு இது தெரியும்: புதிய இயந்திரம் வரட்டும், ஆனால் பழைய தொழிலாளியைத் தெருவில் தள்ளிவிட்டு வரக்கூடாது. செயற்கைத் தோலின் நாதத்தைச் சோதிக்க, தலைமுறை தலைமுறையாகப் பழகிய காதைவிட நல்ல கருவி எது?

நமது கோரிக்கைகள் எளியவை. கச்சேரி மேடையில் வித்வானின் பெயரோடு வாத்தியம் செய்தவரின் பெயரையும் சொல்லுங்கள். வேலைக்கு நியாயமான விலையை நிர்ணயம் செய்யுங்கள். அடையாற்றில் சர்க்காரின் இசைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சில மைல் தள்ளி கிண்டியில் ஐ.ஐ.டி. இருக்கிறது. முன்னதில் கலை, பின்னதில் விஞ்ஞானம். இரண்டு இடத்திலும் வாத்தியத் தொழிலாளியைச் சம்பளம் கொடுத்து ஆசிரியராக உட்கார வையுங்கள். அவர் பிள்ளை மாணவனாக உள்ளே போகட்டும். கனவான்கள் தேடும் பாலம் அன்றைக்குத் தானாக அமையும்.

மில் தொழிலாளித் தோழனே, விவசாயத் தொழிலாளித் தோழனே! உன் கைக்குத் தெரிந்த பஞ்சின் பதமும் மண்ணின் பதமும் ஒரு அறிவுதான். அந்த அறிவுக்குப் பெயரும் எழுத்தும் கூலியும் வேண்டும். சங்கத்தில் சேர், உன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, தோலில் ஸ்வரத்தைக் கண்டுபிடித்தவன் உன் வர்க்கத்தைச் சேர்ந்தவன் என்று அவனுக்குச் சொல்லிக்கொடு!