இரண்டு வாக்குச் சீட்டுகள்

ஒரு தொகுதியில் நூறு பேர் வாக்களிக்கின்றனர் என்று கொள்வோம். நாற்பது பேர் ஒருவரையும், முப்பத்தைந்து பேர் இன்னொருவரையும், இருபத்தைந்து பேர் மூன்றாமவரையும் ஆதரிக்கின்றனர். முதலாமவர் வெற்றி பெறுகிறார். எஞ்சிய அறுபது பேரின் குரல் எங்கே போயிற்று? குடியியல் கற்கும் மாணவர் யாவரும் கேட்க வேண்டிய வினா இது.

இதற்கு ஸ்கொத்லாந்து கண்ட விடையைச் சிறிது நோக்குவோம். பிரித்தானியாவின் அங்கமாகிய அந்நாட்டுக்கு உள்நாட்டு அலுவல்கள் பலவற்றில் அதிகாரம் பகிர்ந்தளிக்கப்பட்டு, 1999இல் எடின்பரோ நகரில் தனிப் பாராளுமன்றம் அமைந்தது. அதன் அங்கத்தவர் 129 பேர். அவருள் 73 பேர் தொகுதிக்கு ஒருவராகத் தெரிவாகின்றனர். மற்றை 56 பேரை எட்டுப் பிராந்தியங்கள், பிராந்தியத்துக்கு எழுவராக அனுப்புகின்றன. ஆகவே, வாக்காளருக்கு இரண்டு சீட்டுகள் உண்டு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது பிராந்தியத்தில் தாம் விரும்பும் கட்சிக்கு.

பிராந்திய ஆசனங்களைப் பங்கிடும் முறை வருமாறு. ஒரு கட்சி அப்பிராந்தியத்தில் ஏற்கெனவே வென்ற ஆசனங்களோடு ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணால் அதன் பிராந்திய வாக்குகளை வகுக்க வேண்டும். ஈவு மிகுந்த கட்சிக்கு ஓர் ஆசனம். அதன்பின் அக்கட்சியின் வகுஎண் ஒன்றால் உயரும். இவ்வாறு ஏழு முறை செய்வர்.

2021ஆம் ஆண்டில் கிளாஸ்கோ பிராந்தியத்தின் ஒன்பது தொகுதிகளையும் ஸ்கொத்லாந்துத் தேசியக் கட்சியே வென்றது. பிராந்தியச் சீட்டில் அது பெற்ற ஏறத்தாழ 134,000 வாக்குகளைப் பத்தால் வகுக்க, 13,400 ஆயிற்று. தொகுதி எதனையும் வெல்லாத தொழிற்கட்சியின் 74,000 வாக்குகளோ ஒன்றாலேயே வகுக்கப்பட்டன. முடிவில் தொழிற்கட்சி நான்கு ஆசனங்களையும், கன்சர்வேட்டிவ் கட்சி இரண்டையும், பசுமைக் கட்சி ஒன்றையும் பெற்றன. தொகுதிமுறை மட்டுமே இருந்திருப்பின், இம்மூன்று கட்சிகளுக்கும் அங்கே ஓர் ஆசனமும் கிட்டியிராது.

குறைகளும் இல்லாமலில்லை. பட்டியலில் பெயர்களின் வரிசையைக் கட்சியே வகுக்கின்றது. வாக்காளர் அதனை மாற்ற இயலாது. கட்சி சாராதோர் போட்டியிடலாம். மார்கோ மக்டொனால்ட் அம்மையார் 2003, 2007, 2011 ஆகிய மூன்று தேர்தல்களிலும் லோதியன் பிராந்தியத்திலிருந்து சுயேச்சையாகத் தெரிவானார். 2014இல் அவர் காலமானார். கட்சி அங்கத்தவராயின் பட்டியலில் அடுத்திருப்பவர் அவ்விடத்துக்கு வருவார். அம்மையாருக்குப் பின் வரப் பட்டியல் இல்லை. பிராந்திய ஆசனத்துக்கு இடைத்தேர்தலும் இல்லை. 2016 வரை அவ்வாசனம் வெறுமையாகவே இருந்தது.

அந்த 2016ஆம் ஆண்டுத் தேர்தல் முதல், 16 வயது நிரம்பியோரும் அப்பாராளுமன்றத்துக்கு வாக்களித்து வருகின்றனர். வகுப்பறையில் வகுத்தல் கணக்குப் போடும் கைகளே வாக்குச் சீட்டையும் பிடிக்கின்றன. எந்த எண்ணால் யாருடைய வாக்கு வகுக்கப்படுகின்றது என்பதை அறிந்து வாக்களிப்பவரே தம் வாக்கின் பெறுமதியை அறிந்தவராவார்.