ஜகமே தந்திரம்: லண்டன் வடிவு, மிச்சம்?

கார்த்திக் சுப்புராஜின்ரை 'ஜகமே தந்திரம்' 2021 ஜூனில் தியேட்டருக்கு வராமல் நேரா நெற்பிளிக்ஸில் வந்தது. பார்க்க வடிவான படம், அதில சண்டை இல்லை. ஸ்ரேயாஸ் கிருஷ்ணாவின்ரை கமரா, லண்டன் இருட்டு, சந்தோஷ் நாராயணனின் இசை, அந்தக் குளிருக்குள்ளயும் வேட்டியோட தனுஷ்.

ஆனால் கதை சிவதாஸோட செத்துப்போகுது. ஜோஜு ஜோர்ஜ் நடிச்ச அந்த மனிசன் கடத்தல் செய்யுறார், அந்தக் காசில அகதிகளுக்கு உதவுறார். சரியோ பிழையோ எண்டு எங்களை யோசிக்க வைக்கிற ஒரே ஆள். அவரைக் காசுக்குக் காட்டிக்குடுத்த சுருளி, பிறகு அட்டில்லா சொல்லுற போர்க்கதையைக் கேட்டுத் திருந்துறானாம். எங்கட யுத்தம் அங்கை ஒரு ரவுடிக்குக் குடுக்கிற மருந்து மட்டுந்தான். 'பில்லா 2' அதுகூடச் செய்யேல்லை. அகதி எண்டு தொடங்கிப்போட்டு அப்பிடியே மறந்திட்டுது.

2009 ஜனவரியில் அரசு 'பாதுகாப்பு வலயம்' எண்டு அறிவிச்ச நிலத்துக்குள்ளதான் உடையார்கட்டும் இருந்தது. அங்கை இயங்கின ஆஸ்பத்திரிக்கும் செல் விழுந்தது. இதையெல்லாம் படத்தில காட்டச்சொல்லி நான் கேக்கேல்லை. லண்டனில ஒரு துவக்குச் சண்டைக்கு லைட் வைக்க எடுத்த பொறுமையை அட்டில்லாவின்ரை கதைக்கும் எடுத்திருக்கலாம். எந்த ஊர், எந்த வருசம் எண்டு மனசில நிக்காத ஒரு போராத்தான் அது கடந்துபோகுது.

வெள்ளை இனவாதத்தையும் அகதிச் சட்டத்தையும் ஒரு மசாலாப் படத்துக்குள்ள கொண்டுவந்ததுக்கு இயக்குநரைப் பாராட்டலாம். எனக்கெண்டால் சிவதாஸ் வாற காட்சிகளை மட்டும் திருப்பிப் பார்க்கப் போதும்.