நிற்காமல் போனவர்கள்

சென்னையிலிருந்து காரில் மதுரைக்குப் போய் இறங்கினால், செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு கேள்வி வரும்: "எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க?" ஏழு மணி நேரத்தில் வந்துவிட்டோம் என்றால் பாராட்டு. ஒன்பது என்றால், "எங்க மாட்டிக்கிட்டீங்க?" என்று அனுதாபம். வழியில் என்ன பார்த்தீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? சுங்கச்சாவடி வரிசையும் காபி விலையும்தான்.

நான்கு வழிச்சாலை வந்ததைக் குறை சொல்லவில்லை. ஆம்புலன்ஸுக்கும் காய்கறி லாரிக்கும் அந்த வேகம் வேண்டும். ஆனால் கோடை விடுமுறைக்குப் போகிற நமக்கு என்ன அவசரம்? அவசரமே இல்லாத நாளிலும் அவசரமாகப் போகப் பழகிவிட்டோம். சாலைக்குப் பக்கத்தில் இருந்தவற்றை அப்படித்தான் கைவிட்டோம்.

இந்த மே மாதம் நானும் மனைவியும் அதே சாலையில், கண்ட இடத்தில் திரும்புவது என்று முடிவு செய்துகொண்டு போனோம். முதல் திருப்பம் விழுப்புரத்தில், செஞ்சி சாலையில் இருக்கும் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமாலுக்கு இந்தக் கோயிலை எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வெட்டே வெட்டி வைத்திருக்கும் குகைக்கோயில். மாமல்லபுரத்தில் டிக்கெட் வாங்கி, கூட்டத்தில் இடிபட்டுப் பார்க்கிறோமே, அந்தப் பல்லவக் குடைவரைக் கலைக்கு இதுவும் ஒரு தொடக்கம். இங்கே வாயிற்காவலர் இருவரைத் தவிர ஆளில்லை.

பெரம்பலூர் பக்கம் சாத்தனூர். 18 மீட்டருக்கும் நீளமான ஒரு மரம் கல்லாகிப் படுத்துக் கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் அந்த இடம் வரை ஏறி வந்திருந்தது. அடித்து வரப்பட்ட மரம் மணலிலும் சேற்றிலும் புதைந்து, அதன் இழைகள் இருந்த இடத்தில் தாதுக்கள் குடியேறிக் கல்லாகிவிட்டன. 1940இல் இதைக் கண்டறிந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன். கிட்டே போய்ப் பார்த்தால் பட்டையின் வரிகள்கூட மரத்தில் இருப்பது போலவே ஓடுகின்றன. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்து, "எந்த டிபார்ட்மென்ட்டு சார்?" என்றார். சும்மா பார்க்க வந்தோம் என்றதை அவர் நம்பவில்லை. சும்மா பார்க்க ஆள் வராத இடத்தில் அவர் வேறெப்படிக் கேட்பார்?

திருச்சி தாண்டினால் விராலிமலை. மயில்களைத் தெரியும், முருகனுக்குச் சுருட்டுப் படைக்கிற வழக்கத்தைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. மழையிலும் வெள்ளத்திலும் சிக்கித் தவித்த பக்தரிடம் சுருட்டு கேட்டு வாங்கி, கூடவே வந்து கரை சேர்த்த முருகன் என்பது அங்கே சொல்லும் கதை. அடிவாரக் கடையில் சுருட்டு வாங்கி அர்ச்சனைத் தட்டில் தேங்காய், பழத்தோடு வைத்தபோது மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அங்கிருந்து சிறிது தொலைவில் கொடும்பாளூர் மூவர் கோயில். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவன் தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற தன் தேவியர் இருவர் பெயரிலும் எடுத்த மூன்று தளிகளில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். "ராஜா கோயில் மட்டும் பத்திரமா இருக்கும், பாருங்க" என்றாள் மனைவி.

நிற்காததற்கு நாம் சொல்லும் காரணங்கள் உண்டு. பலகை இல்லை என்போம். பலகை இருக்கும் இடத்திலும் நாம் நின்றதில்லை. வெயில் என்போம். அதே வெயிலில் தீம் பார்க் வரிசையில் நிற்கிறோம். ஒரு காரணம் மட்டும் உண்மை: கழிப்பறை. "எனக்கும் பார்க்க ஆசைதாங்க, ஆனா பாத்ரூம் எங்க இருக்குனு முதல்ல சொல்லுங்க" என்று மனைவி கேட்டதற்கு வழி நெடுக என்னிடம் பதில் இல்லை. குடும்பங்கள் பெரிய உணவக வளாகங்களிலேயே வண்டியை நிறுத்துவதற்குச் சாம்பார் காரணமல்ல. ஆனால் இதைக் கேட்டு எந்த ஊராட்சிக்காவது மனு எழுதினோமா? அதுவும் இல்லை. தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம். போன சிலரும் பாறையில் தங்கள் பெயரையும் காதலி பெயரையும் ஆணியால் கீறிவிட்டுத் திரும்பினார்கள்.

கேட்பாரற்ற இடத்துக்கு என்ன நேரும் என்பதற்கு மேலூர் வட்டாரமே சாட்சி. குன்றுகளை அறுத்துக் கிரானைட் பலகைகளாக அனுப்பிக்கொண்டிருந்த காலம் முழுக்க நாம் அந்தச் சாலையில்தான் போய்வந்தோம். 2012இல் முறைகேடு வெடித்தபோது பத்திரிகையில் படித்து அதிர்ச்சி அடைந்தோம். சமையலறை மேடைக்குப் பளபளப்பான கல்லைத் தேர்ந்தெடுத்தபோது அது எந்த மலை என்று கேட்டவர் நம்மில் யார்?

அதே மேலூர்ப் பக்கம்தான் அரிட்டாபட்டி. தமிழிக் கல்வெட்டு, சமணப் படுகை, பாண்டியர் குடைவரை, சுனைகள், வல்லூறுகள் எல்லாம் ஒரே ஊரில். 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் அந்த வட்டாரம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போனது. ஊர் மக்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கில் திரண்டு மதுரைக்கு நடந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தைக் கைவிட்டது. தங்கள் மலையில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் நடந்தார்கள். நாம் அன்று அந்தச் சாலையில் காரில் போயிருந்தால், மதுரைக்கு வந்து சேர ஒன்பது மணி நேரம் ஆனதற்கு அவர்களைத்தான் காரணம் சொல்லியிருப்போம்.