யார் கண்ட நிறம் உண்மை?

2024 மே 10ஆம் நாள் இரவு, துருவ ஒளி அரிதாகவே தெரியும் தென் ஐரோப்பாவிலும் வானம் சிவந்தது. நார்வேயின் துரோம்சோ நகரத்தார் வழக்கமாகக் காண்பதோ பச்சை. யார் சொல்வது சரி?

இருவரும் சரியே. 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஆக்சிஜன் பச்சையாக ஒளிர்கிறது. 200 கிலோமீட்டருக்கு மேல் சிவப்பாக. தொலைவில் நிற்பவருக்குப் பூமியின் வளைவு கீழ்ப்பகுதியை மறைத்துவிடுகிறது. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது. அதனால் சிலர் சாம்பலையே காண்கிறார்கள். கேமராவோ பல விநாடி ஒளியைச் சேர்த்து வண்ணம் காட்டுகிறது.

படத்தைப் பொய் என்பவரும், சாம்பல் என்றவரை நகைப்பவரும் அவசரப்படுகிறார்கள் என்பேன். நண்பர்களே, மறுப்பதற்கு முன், 'எங்கிருந்து, எதனால் பார்த்தீர்கள்?' என்று கேட்போம்.