வீரரா, வண்டியா? மார்க்கெஸ் விலகல் சொல்லும் கணக்கு

தீபாவளி முடிந்த அடுத்த வாரயிறுதியில், ஜூரோங் வெஸ்ட்டில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் மோட்டார்சைக்கிள் நிறுத்துமிடம் பாதி காலியாகக் கிடந்தது. செப்பாங்கில் மோட்டோஜிபி பந்தயம் நடக்கும் வாரம் என்றால் இப்படித்தான். விடியும் முன்பே கிளம்பி, துவாஸ் இரண்டாம் இணைப்பைத் தாண்டி, மலேசிய நெடுஞ்சாலையில் கூட்டம் கூட்டமாகப் போய்விடுவார்கள். கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் என் சித்தப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

ஆனால், அவர் பார்க்க ஆசைப்பட்ட வீரர் அன்று செப்பாங்கில் இல்லை. 2025ஆம் ஆண்டின் உலக வெற்றியாளர் மார்க் மார்க்கெஸ், அந்த அக்டோபர் மாதத் தொடக்கத்தில் இந்தோனீசியாவின் மண்டலிகாவில் மோதி விழுந்து, தோள்பட்டைக் காயத்துடன் ஸ்பெயினில் ஓய்வில் இருந்தார்.

சித்தப்பாவுக்கு மார்க்கெஸை எப்போதும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஈராண்டுகளுக்குமுன், 2023 அக்டோபரில், இதே மார்க்கெஸைத் திட்டித் தீர்த்தவர் அவர். “பதினோரு வருஷம் தூக்கி வச்ச கம்பெனி. கஷ்டம்னதும் கழட்டிவிட்டுப் போறான் பாரு,” என்றார். ஹோண்டா அணியிலிருந்து மார்க்கெஸ் விலகுவதாக அறிவித்த நாள் அது. அப்போது எனக்கு 18 வயது. சித்தப்பா சொன்னது சரியென்றே பட்டது.

இப்போது அந்த முடிவைத் திரும்பிப் பார்த்தால், நாங்கள் இருவருமே தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று தோன்றுகிறது. ‘விசுவாசமா, சுயநலமா?’ என்று நாங்கள் கேட்டோம். மார்க்கெஸ் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு: ‘குறை என்னிடமா, வண்டியிடமா?’

உச்சியிலிருந்து 14ஆம் இடத்துக்கு

பின்னணியைச் சுருக்கமாகப் பார்ப்போம். மார்க்கெஸ் 2013இல் ஹோண்டாவின் தலைமை அணியில் சேர்ந்தார். முதல் ஆண்டிலேயே மோட்டோஜிபி பட்டம். 2019க்குள் ஆறு பட்டங்கள். அந்த 2019ஆம் ஆண்டின் புள்ளிகள் ஒரு செய்தியைச் சொல்கின்றன. மார்க்கெஸ் எடுத்தவை 420 புள்ளிகள். அதே அணியில், அதே ஹோண்டாவை ஓட்டிய முன்னாள் உலக வெற்றியாளர் ஹோர்ஹே லொரென்சோ எடுத்தவை 28. காயத்தால் லொரென்சோ சில பந்தயங்களைத் தவறவிட்டார் என்பது உண்மைதான். இருந்தாலும் இடைவெளி மிகப் பெரிது. மார்க்கெஸ் ஓட்டும் முறைக்கு ஏற்றதாகவே அந்த வண்டி ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. அவர் வென்றுகொண்டிருந்த வரையில் வண்டியின் குறைகள் வெளியே தெரியவில்லை.

2020 ஜூலை 19ஆம் தேதி, ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில் மார்க்கெஸ் விழுந்து வலது மேற்கை எலும்பை முறித்துக்கொண்டார். அவர் இல்லாத அந்தப் பருவத்தில் ஹோண்டா ஒரு பந்தயத்தைக்கூட வெல்லவில்லை. அடுத்த ஈராண்டுகளில் அதே கைக்கு மொத்தம் நான்கு அறுவை சிகிச்சைகள். இடையில் பார்வை இரட்டையாகத் தெரியும் கோளாறு வேறு. 2021இல் மூன்று வெற்றிகள் கிடைத்தன. அதன்பிறகு ஒன்றுமில்லை. 2023இல் ஜெர்மனிப் பந்தய வாரயிறுதியில் மட்டும் ஐந்து முறை விழுந்து, ஞாயிறு பந்தயத்திலிருந்தே விலகிக்கொண்டார். அந்த ஆண்டின் இறுதியில் அவர் பிடித்த இடம் 14.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதே 2023இல், அமெரிக்காவின் ஆஸ்டினில் அலெக்ஸ் ரின்ஸ் ஹோண்டா வண்டியில் வென்று காட்டினார். அப்படியென்றால் வண்டியை மட்டும் குறை சொல்ல முடியுமா? நான்கு முறை கத்தி பட்ட கை பழைய கைதானா? முப்பது வயதில் வேகம் போய்விட்டதா? இந்தக் கேள்விகளுக்கு வெளியிலிருந்து யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. மார்க்கெஸாலும் முடியவில்லை.

ஆய்வுக்கூடப் பாடம்

உயர்நிலை ஒன்றில் அறிவியல் ஆசிரியர் முதலில் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. ஒரு விளைவுக்குக் காரணம் எது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், மற்றவற்றை அப்படியே வைத்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மார்க்கெஸ் செய்தது ஏறக்குறைய அதுதான். தன்னை மாற்ற முடியாது, வண்டியை மாற்றலாம்.

2023 அக்டோபர் 4ஆம் தேதி, இன்னும் ஓராண்டு ஒப்பந்தம் மீதமிருக்கும்போதே, இரு தரப்பும் பேசி முடித்துப் பிரிவதாக அறிவிப்பு வந்தது. அடுத்த வாரம் அவர் கையெழுத்திட்டது, டுகாட்டி வண்டிகளைப் பயன்படுத்தும் கிரெசினி என்ற தனியார் அணியில். நிறுவனர் ஃபவுஸ்டோ கிரெசினி 2021இல் கொவிட்-19 தொற்றால் இறந்தபின், அவருடைய மனைவி நாடியா படோவானி நடத்திவரும் அணி அது. தலைமை அணி இல்லை. பெருஞ்சம்பளம் இல்லை. ஒப்பந்தமும் ஓராண்டுக்கு மட்டுமே. கொடுக்கப்பட்ட வண்டி முந்தைய ஆண்டின் வார்ப்பு. பல ஆண்டுகள் உடனிருந்த தலைமைப் பொறியாளர் சான்டி ஹெர்னாண்டஸ் ஹோண்டாவிலேயே தங்கிவிட்டார்.

அந்த நவம்பரில் வலென்சியாவில் நடந்த சோதனை ஓட்டத்தில், விளம்பரம் எதுவும் இல்லாத கறுப்பு உடையில் அவர் முதன்முறையாக டுகாட்டியில் ஏறினார். ஹோண்டா ஒப்பந்தம் ஆண்டு இறுதிவரை இருந்ததால் செய்தியாளர்களிடம் பேச அனுமதியில்லை. முதல் சுற்றுகளை முடித்து வந்தபோது தலைக்கவசத்துக்குள் அவர் சிரித்தது மட்டும் கேமராவில் பதிவானது.

ஆய்வின் முடிவு வர கொஞ்ச காலம் ஆனது. 2024 செப்டம்பர் 1ஆம் தேதி அரகோனில் வென்றார். 1,043 நாள் கழித்து வந்த முதல் வெற்றி. அந்த ஆண்டு டுகாட்டி, நடந்த 20 பந்தயங்களில் 19ஐ வென்றது. ‘அந்த வண்டியில் யார் ஏறினாலும் வெல்லலாம்’ என்று சிலர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஆனால், மார்க்கெஸ் ஓட்டிய அதே பழைய வார்ப்பை மேலும் மூன்று வீரர்கள் ஓட்டினார்கள். அவருடைய தம்பி அலெக்ஸும் அவர்களில் ஒருவர். அந்த மூவரில் ஒருவர்கூட அந்த ஆண்டு ஒரு ஞாயிறு பந்தயத்தையும் வெல்லவில்லை. மார்க்கெஸ் மூன்றை வென்றார். குறை வீரரிடமா, வண்டியிடமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது கடினம்.

மீதிக் கதை தெரிந்ததே. 2025இல் டுகாட்டியின் தலைமை அணியில் இடம் கிடைத்தது. 11 பந்தயங்களை வென்றார். செப்டம்பர் 28ஆம் தேதி, இன்னும் ஐந்து பந்தயங்கள் மீதமிருக்கும்போதே, ஏழாவது மோட்டோஜிபி பட்டம் உறுதியானது. அது உறுதியான இடம் ஜப்பானின் மோட்டேகி. அந்தப் பந்தயத்தடம் ஹோண்டாவுக்குச் சொந்தமானது.

விலகியவர் எல்லாம் வெல்வதில்லை

இதைப் படித்துவிட்டு, ‘சரி, கஷ்டம் வந்தால் மாறிவிட வேண்டியதுதான்’ என்று முடிவு கட்டினால் அது அரைகுறைப் பாடம். வேலன்டினோ ரோஸ்ஸியைப் பாருங்கள். 2004இல் வெற்றி மேல் வெற்றி தந்த ஹோண்டாவை விட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த யமஹாவுக்குப் போனார். முதல் பந்தயத்திலேயே வென்றார், பட்டமும் பெற்றார். அதே ரோஸ்ஸி 2011இல் டுகாட்டிக்கு மாறினார். இத்தாலிய வீரர், இத்தாலிய வண்டி என்று நாடே கொண்டாடியது. ஈராண்டுகளில் ஒரு வெற்றிகூட இல்லை. 2013இல் யமஹாவுக்கே திரும்பினார்.

ஹோர்ஹே மார்ட்டின் கதை இன்னும் அண்மையது. 2024இல் டுகாட்டியின் தலைமை அணி இடத்துக்குத் தன்னைத் தேர்ந்தெடுக்காமல் மார்க்கெஸைத் தேர்ந்தெடுத்ததால், அவர் ஏப்ரிலியாவில் ஒப்பந்தமானார். போகும் முன் அந்த ஆண்டின் உலகப் பட்டத்தையும் வென்றுவிட்டே போனார். புதிய அணியில் முதல் சில மாதங்கள் காயத்திலேயே கழிந்தன. ஒப்பந்தத்திலிருந்து வெளியேற முயன்றார். ஒப்பந்தம் செல்லும் என்று ஏப்ரிலியா உறுதியாக நின்றது. 2025 ஜூலையில், தங்கிவிடுவதாக அவரே அறிவித்தார்.

மார்ட்டின் ஏப்ரிலியாவை முழுதாக ஓட்டிப் பார்க்கும் முன்பே வெளியேற நினைத்தார். மார்க்கெஸோ வெற்றியே இல்லாத ஈராண்டுகளை ஹோண்டாவில் பொறுத்திருந்து, குறை என்ன என்று அறிய எல்லா வழிகளையும் முயன்றபின் விலகினார். இரண்டும் ஒன்றல்ல.

நம் ஊர்க்காரரின் கதை

தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மோட்டார்சைக்கிளில், சென்னையின் சரத்குமார் 2011இல் 125சிசி உலகப் பந்தயம் வரை சென்றார். கார் பந்தயத்தில் நமக்கு நன்கு தெரிந்தவர் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டான் அணியில் ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் இடம்பெற்ற முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு அமெரிக்காவில் ஐந்து புள்ளிகளும் பெற்றார். அடுத்த ஆண்டு அவர் போனது வில்லியம்ஸ் அணிக்கு. பெரிய பெயர் கொண்ட அணிதான், ஆனால் பந்தய இருக்கை இல்லை, சோதனை ஓட்டுநர் பொறுப்பு மட்டுமே.

மீண்டும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அவர் ஓட்டியது 2011இல், எச்ஆர்டி அணியில். ஒரு புள்ளிகூட எடுக்காமலே மூடப்பட்ட அணி அது. 2012இல் நம் மரினா பே தடத்திலும் அந்தக் காரை ஓட்டினார். சுவரில் மோதி அவருடைய பந்தயம் பாதியில் முடிந்தது. பின்னர் ஜப்பானுக்குச் சென்று பல ஆண்டுகள் ஓட்டினார். 2019இல், தம் 42 வயதில், ஃபுஜி தடத்தில் ஜப்பானிய, ஜெர்மானியக் கார்கள் சேர்ந்து மோதிய போட்டி ஒன்றில் வென்றார்.

நரேனின் திறமைக்கு ஏற்ற வண்டி ஃபார்முலா ஒன்னில் அவருக்குக் கிடைத்திருந்தால்? அந்த ஆய்வு நடக்கவே இல்லை. விளம்பரதாரர் பணமும் காலியிடமும் ஒத்துவந்தால்தான் அங்கே கதவு திறக்கும். ஆறு பட்டம் பெற்றவர் குறைந்த சம்பளத்துக்கு வருகிறேன் என்றால் எந்த அணியும் வரவேற்கும். முதல் வாய்ப்புக்கே போராடுபவருக்கு அந்தச் சலுகை இல்லை.

நாம் எங்கே நிற்கிறோம்

பந்தயத்தைப் பற்றிய கட்டுரை கல்விப் பக்கத்தில் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தொடக்கக் கல்லூரியில் சேர்ந்து, சில மாதங்களில் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு மாறிய நண்பர்கள் எனக்கு உண்டு. ‘சமாளிக்க முடியலையாம்’ என்ற பேச்சு அவர்களை உறவினர் வீடுவரை துரத்தியது. இப்போது பல்கலைக்கழகத்திலும் பாடத்துறையை மாற்றலாமா, வேலைப் பயிற்சியைப் பாதியில் விடலாமா என்ற பேச்சு ஓயாமல் நடக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, ‘எல்லாம் உன் தப்புதான், தாக்குப் பிடி’ என்னும். மற்றொன்று, ‘இடம்தான் சரியில்லை, கிளம்பு’ என்னும். இரண்டுமே சோதித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்கின்றன.

மார்க்கெஸின் முடிவை நான் மதிப்பது அவர் வென்றதால் மட்டும் அல்ல. போகும்போது சம்பளம், தலைமை அணியின் மதிப்பு, பழகிய குழு என்று எதை இழக்கிறோம் என்று தெரிந்தே போனார். ‘எனக்கு இன்னும் முடியுமா’ என்ற கேள்விக்கு ‘முடியாது’ என்ற பதில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்ததால்தான் ஓராண்டு ஒப்பந்தம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. அதைவிட வசதியான இடம் தேடிப் போயிருந்தால், சாக்குச் சொல்லவும் வசதியாக இருந்திருக்கும்.

விட்டுச்சென்ற இடமும் அதனால் அழிந்துவிடவில்லை. 2022 முதல் 2024 வரை மூன்று ஆண்டுகள் தயாரிப்பாளர் பட்டியலில் ஹோண்டா கடைசி இடத்தில் இருந்தது. ஒரே ஒரு வீரரைச் சுற்றி வண்டியை வளர்த்ததன் விலை அது. அவர் போனபின் வேறு வழியின்றி மற்ற வீரர்களின் சொல்லையும் கேட்டு வண்டியைத் திருத்தினார்கள். 2025 மே மாதம், பிரான்சின் லெ மான் தடத்தில், யோஹான் ஸார்க்கோ மீண்டும் ஹோண்டாவுக்கு ஒரு வெற்றியைத் தேடித்தந்தார். அந்தப் பிரிவு இரு தரப்புக்கும் தேவைப்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செப்பாங்கில் வென்றவர் தம்பி அலெக்ஸ் மார்க்கெஸ், அதே கிரெசினி அணியின் வண்டியில். சித்தப்பா நள்ளிரவு தாண்டித்தான் வீடு திரும்பினார். மறுநாள் காலை பார்த்தால், அண்ணன் மார்க்கெஸின் 93ஆம் எண் போட்ட சிவப்பு டுகாட்டி சட்டையுடன் கீழே நின்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கம்பெனியைக் கழட்டிவிட்டவன் சட்டையா, சித்தப்பா?” என்றேன்.

“சட்டைதான்டா மாறியிருக்கு,” என்று சொல்லிவிட்டுத் தம் பழைய ஹோண்டாவை உதைத்துக் கிளப்பினார். காலைப் பணிக்கு நேரமாகிவிட்டிருந்தது.