லிமிட்டை யார் கேட்டது?

ஈரோட்டில் ஜவுளிக்கடைக் கணக்கெழுதும் எனக்குச் சம்பளம் அப்படியேதான் இருக்கிறது. கிரெடிட் கார்டு லிமிட் மட்டும் 60,000-லிருந்து 2 லட்சத்துக்குப் போகத் தயாராம். "ஓகேன்னு ஒரு தட்டு தட்டுங்க சார், போதும்" என்கிறார் போனில் பேசும் தம்பி. (அவருக்கும் டார்கெட் இருக்கும், பாவம்.) லிமிட் கூடினால் சிபில் ஸ்கோருக்கு நல்லது என்பது பொய்யில்லை, செலவு கூடாதவரை. கூடிவிட்டால்? குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறவருக்கு மாதம் 3.5 சதவீத வட்டி சாதாரணம், வருஷத்துக்கு 42. நகைக்கடன் வட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேட்காத கார்டைத் தலையில் கட்டிக் கட்டணம் போட்டால், அதைத் திருப்பித் தருவதோடு இரு மடங்கு அபராதமும் உண்டு என்கிறது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. லிமிட்டை உயர்த்தவும் நம் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் கேட்கும் திரையிலேயே வட்டி விகிதத்தைத் தமிழில், பெரிய எழுத்தில் போட வங்கிகளுக்கு உத்தரவிட வேண்டும்.