பொம்மை லென்சும் பீரங்கி லென்சும்

"ஒரு கிலோவுக்குக் குறைஞ்சதெல்லாம் லென்சா? அது பொம்மை தம்பி!"

பறவைப் படம் எடுக்க ஆசைப்பட்டு விசாரிக்கப் போகிற கல்லூரி மாணவன் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்வது இந்த வசனத்தைத்தான். சொல்கிறவர் தோளில் மூன்று கிலோ வெள்ளைப் பீரங்கி தொங்கும். பக்கத்தில் ட்ரைபாட். கொஞ்சம் தள்ளி அவர் வந்த கார் நிற்கும். அந்தக் காரை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை!

சரி, கணக்கை கீழச்சிவல்பட்டியிலிருந்தே ஆரம்பிக்கலாம். அந்த ஊர் மாணவன் ஒருவன் பறவை பார்க்கப் போகவேண்டும் என்றால் விடிகாலையில் திருப்பத்தூருக்குப் பஸ் ஏறவேண்டும் (வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்). அங்கிருந்து மதுரை போகிற பஸ்ஸைப் பிடித்து வேட்டங்குடி விலக்கில் இறங்கி நடக்கவேண்டும். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள் சேர்ந்ததுதான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977-இல் அறிவிக்கப்பட்டது. மொத்தமே 38.4 ஹெக்டேர். மழை ஒழுங்காகப் பெய்து கண்மாய் நிறைந்த வருஷத்தில் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா என்று தண்ணீருக்குள் நிற்கும் மரமெல்லாம் கூடாக இருக்கும். பார்க்கிறவனுக்கு இருக்கும் இடம் கரை மட்டும்தான். கரையோடு நடக்கவேண்டும், நிற்கவேண்டும், மறுபடி நடக்கவேண்டும். வேனில் உட்கார்ந்து படம் எடுக்க இது முதுமலை இல்லை.

இப்போது எடைக்கும் விலைக்கும் வரலாம். கேனன் ஆர்.எஃப் 600 மி.மீ. எஃப்/11 லென்ஸ் 2020-இல் வந்தது. எடை 930 கிராம். அமெரிக்காவில் அறிமுக விலை 699 டாலர். அதே கம்பெனியின் ஆர்.எஃப் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் 2021-இல் வந்தது. எடை 3,090 கிராம், அறிமுக விலை 12,999 டாலர். இரண்டிலும் நாரை ஒரே அளவாகத்தான் தெரியும். அப்புறம் எதற்கு இவ்வளவு வித்தியாசம்? வெளிச்சத்துக்கு. 600-ஐ 4-ஆல் வகுத்தால் 150 மி.மீ. அகல வாசல். 11-ஆல் வகுத்தால் 55 மி.மீ. கூட வராது. பரப்பில் ஏழரை மடங்கு (ஏழரை என்றதும் சனி ஞாபகம் வந்தால் அது தற்செயல்!). அத்தனை பெரிய வாசலுக்குக் கண்ணாடி போட்டால் கனக்காமல் என்ன செய்யும்?

பர்மா வரைக்கும் போய்த் தொழில் செய்த நகரத்தார் ஊர்கள் இவை. ஐந்தொகை எடுக்காமல் காசு நகராத பூமி. அந்தப் புத்தியோடு பார்த்தால், வெளிச்சம் ஏழரை மடங்கு, விலை பதினெட்டு மடங்குக்கும் மேல். சரக்கு கூடக்கூட யூனிட் விலை குறையவேண்டும் என்றுதான் வணிகவியல் பாடம் சொல்கிறது. இங்கே தலைகீழ்.

அந்த வெளிச்சம் எப்போது தேவைப்படும்? காலை எட்டு மணி வெயிலில் எஃப்/11-இல் ஐ.எஸ்.ஓ. 800 வைத்தால் ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குப் பக்கத்தில் கிடைக்கும். பறக்கும் நாரைக்கு அது போதும். பீரங்கிக்காரர் அதையே ஐ.எஸ்.ஓ. 100-இல் எடுப்பார். இன்றைய கேமராக்களில் 100-க்கும் 800-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். பொழுது சாயும்போது கதை வேறு. பீரங்கியில் 3200 போதும் என்கிற நேரத்தில் எஃப்/11-க்கு 25,600 வேண்டும். படம் மணல் கொட்டின மாதிரி இருக்கும். இதை மறைத்துப் பேசுகிறவன் வியாபாரி.

ஆனால் அந்தச் சாதகம் எவ்வளவு நேரத்துக்கு? பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்களில் பொழுது விழுந்ததும் சட்டென்று இருட்டிவிடும். சூரியன் மறைந்த பிறகு எஃப்/4-க்கும் எஃப்/11-க்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய பத்து நிமிஷம்தான். பிறகு இரண்டு பேரும் பையைக் கட்டவேண்டியதுதான். விடியலிலும் அப்படியே. ஆக 12,300 டாலரும் இரண்டு கிலோவுக்கு மேல் கூடுதல் சுமையும் காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷத்துக்கு! வக்கா (இராக்கொக்கு என்றும் சொல்வார்கள்) இரை தேடக் கிளம்புவது சரியாக அந்தப் பத்து நிமிஷத்தில்தான் என்பதையும் சொல்லிவிடவேண்டும். அதை மட்டுமே எடுக்கப் பிறந்தவர் தாராளமாகப் பீரங்கி வாங்கலாம். மரம் அடர்ந்த மலைக்காட்டில் பகல் முழுக்கவே அரை இருட்டு. அங்கேயும் பீரங்கிக்கு நியாயம் உண்டு. சுமப்பது ஜீப் என்பதால் தோளும் தப்பிக்கும்.

பீரங்கிக் கட்சியின் இன்னொரு வாதம் கூர்மை. கண்மாய்க் கரையில் பத்து மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு இதில் சிரிப்புதான் வரும். தண்ணீருக்கும் வெட்டவெளிக்கும் மேலே கானல் நெளியும். நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கிற கூடு அடுப்புக்கு மேலே பார்க்கிற மாதிரி ஆடும். எந்தக் கண்ணாடியும் அதை நேராக்காது. பதின்மூன்றாயிரம் டாலர் லென்சும் கானலைத்தான் கூர்மையாக எடுத்துக் கொடுக்கும்.

லேசான லென்ஸ் விற்கிறவர்களும் யோக்கியர்கள் இல்லை. "கையிலேயே பிடித்து எடுக்கலாம், நடுக்கம் வராது" என்கிறார்கள். நடுக்கக் கட்டுப்பாடு பிடிக்கிறவன் கையைத்தான் அடக்கும், பறவையின் சிறகை அடக்காது. எஃப்/11 லென்சில் அபெர்ச்சரை மாற்றவே முடியாது. கூட்டமாகக் கூடு கட்டுகிற மரத்தில் பின்னால் உள்ள ஒவ்வொரு சுள்ளியும் தெரியும், பின்னணி கரையாது. அது வந்தபோது ஆர்5, ஆர்6 கேமராக்களில்கூட ஃபோகஸ் வேலை செய்தது படத்தின் நடுப்பகுதியில்தான். மழை, தூசிக்குத் தடுப்பும் கிடையாது. கண்மாய்க்கரைப் புழுதிக்கு உறை தைத்துப் போடவேண்டியதுதான்.

நடுவழி ஒன்று இருக்கிறது. நிக்கான் 2018-இல் கொண்டுவந்த 500 மி.மீ. எஃப்/5.6 பி.எஃப் லென்ஸ் 1,460 கிராம். அதன் எஃப்/4 அண்ணன் 3,090 கிராம். பாதி வெளிச்சத்தை விட்டுக்கொடுத்தால் பாதிக்கு மேல் எடை இறங்குகிறது. ஃப்ரெனெல் வகைக் கண்ணாடி ஒன்றை உள்ளே வைத்து, நிறச் சிதறலைத் திருத்தத் தேவைப்படும் கனமான கண்ணாடிகளைக் குறைக்கிற தந்திரம் இது. கேனன் 2001-இலேயே தன் 400 மி.மீ. லென்சில் இதே வழியில் போனது. இதற்கும் தண்டம் உண்டு. சூரியனோ பளீரென்ற விளக்கோ படத்துக்குள் வந்தால் அதைச் சுற்றி வளையம் வளையமாக ஒளி சிதறும். உதய சூரியனுக்கு முன்னால் கொக்கு பறக்கிற காலண்டர் படம் வேண்டும் என்பவர்கள் யோசிக்கவேண்டும். மற்றபடி தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலைதான் மாணவன் கைக்கு எட்டாது.

வாதத்தில் தோற்கும்போது பீரங்கிக் கட்சி மா. கிருஷ்ணனை இழுக்கும். "அவர் எவ்வளவு பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு யானை எடுத்தார் தெரியுமா?" தெரியும். பல பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கிக்கொண்ட அந்தக் கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கிண்டலாகப் பெயரும் வைத்திருந்தார். அவர் தனக்கு வேண்டியதை, இருந்ததை வைத்துச் செய்துகொண்டவர். கடையில் விலை அதிகமானதைப் பார்த்து வாங்கியவர் இல்லை. கால்நடையாகக் காட்டுக்குள் திரிந்த மனிதரைக் கார்க்காரர்கள் சாட்சிக்குக் கூப்பிடுவது கொஞ்சம் ஓவர்.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் தூரம். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளக்கூடாது என்று பல வருஷங்களாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. சின்னப் பிள்ளைகள்கூட கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அந்த ஊருக்கு வந்து, கையில் இருக்கிற 200 மி.மீ. லென்சுக்குப் பறவை எட்டவில்லை என்று தண்ணீருக்குள் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் இறங்கினால் கூட்டமே எழும்பும். குஞ்சு வெயிலில் கிடக்கும், காக்கைக்குக் கொண்டாட்டம். பொம்மையோ என்னவோ, 600 மி.மீ. என்பது கரையிலேயே நிற்க வைக்கிற தூரம். "காசு சேர்த்துப் பெரிசா வாங்கு, அதுவரைக்கும் இதை வைத்துச் சமாளி" என்று மாணவனிடம் 200 மி.மீ. லென்சைத் தள்ளிவிடுகிற அறிவாளிகள், அந்தக் குஞ்சுக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்லவேண்டும்.

இதற்குப் பிறகும் பீரங்கிதான் வேண்டும் என்பவர்கள் உடனே தவணைக்கு வாங்கவேண்டாம். பெரிய ஊர்களில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒருநாள் எடுத்து, மூன்று கண்மாய்க் கரையும் சுற்றிவிட்டு வந்து பொம்மையைப் பற்றிப் பேசட்டும். ஒரே ஒரு நிபந்தனை, பஸ்ஸில்தான் போகவேண்டும்.